கடலடிப் பூதங்களும் கண்டெடுத்த படங்களும்

ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) ‘முகத்திமா’வை எழுதி முடித்த இப்னு கல்தூன், தமக்கு முற்பட்ட வரலாற்றாசிரியர் பலர் கேட்ட செய்திகளை ஆராயாமல் ஏட்டில் ஏற்றிவிட்டனர் என்று குறைகூறி, அதற்குச் சான்றாகச் சில கதைகளை எடுத்துக்காட்டுகிறார். அவற்றுள் ஒன்று, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டினரான அல்-மஸ்ஊதி எழுதிவைத்தது. இஸ்கந்தர் மன்னர் இஸ்கந்தரிய்யா நகரைக் கட்ட முனைந்தபோது கடற்பூதங்கள் அதனைத் தடுத்தனவாம். கண்ணாடிப் பெட்டி பொருத்திய மரக்கூண்டு ஒன்றில் அமர்ந்து மன்னர் கடலடிக்கு இறங்கினாராம். அங்கே கண்ட பூதங்களின் உருவங்களை வரைந்துகொண்டு கரையேறி, அவற்றைப் போலவே உலோகப் பதுமைகள் செய்வித்துக் கட்டடத்தின் எதிரே நிறுத்தினாராம். மறுபடியும் எழுந்துவந்த பூதங்கள் அவற்றைக் கண்டு மிரண்டு ஓடிப்போயினவாம்.

இக்கதையை இப்னு கல்தூன் பல வழிகளில் மறுக்கிறார். எந்த அரசனும் தன் உயிரை இவ்வாறு பணயம் வைக்கமாட்டான். வைத்தால் அவனுடைய ஆட்சி அவன் திரும்பிவரும்வரை காத்திராது. ஜின்களுக்கு இன்ன உருவம்தான் என்ற வரையறையும் கிடையாது. இவற்றைவிட வலுவானதாக அவர் முன்வைப்பது எளிய இயற்கை உண்மை ஒன்றை: மூடிய பெட்டிக்குள் நீரின் ஆழத்தில் இருப்பவனுக்குக் குளிர்ந்த காற்றுக் கிடைக்காது, அவன் அங்கேயே மடிந்துபோவான். ஆழ்கிணற்றில் இறங்குவோர் மூச்சுமுட்டி மடிவதை அவர் இதற்கு உவமையாகக் காட்டுகிறார்.

இக்கதையின் அமைப்பு நம் கவனத்திற்குரியது. பிறர் எவரும் செல்லவியலாத ஓரிடம். அங்கே ஒரு பூதம். அதனைக் கண்ட ஒரே சாட்சி. அவர் கொண்டுவந்த படம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பேசப்பட்ட ஒருவகைத் திகில் திரைப்படம் இதே நான்கு கால்களின்மீதுதான் நிற்கிறது. காட்டிலோ பாழடைந்த வீட்டிலோ காணாமற்போனவர்கள் எடுத்த படச்சுருள் பின்னர் கண்டெடுக்கப்பட்டது என்று சொல்லி, அதனை உண்மைப் பதிவாகவே காட்டும் படங்கள் அவை. அவற்றைக் ‘கண்டெடுத்த படங்கள்’ என்று இக்கட்டுரையில் நாம் குறிப்போம். இத்தகைய படங்களைக் கண்டவர்கள் எவ்வாறு எதிர்வினை ஆற்றினர், எதனால் அஞ்சினர், எதனை நம்பினர் என்பதன் வரலாறு வெறும் பொழுதுபோக்கின் வரலாறன்று. அது சாட்சியத்தின் வரலாறும் ஆகும்.

இரயிலைக் கண்டு ஓடியவர்கள்

திரைப்பட வரலாற்று நூல்கள் பலவும் ஒரு கதையோடு தொடங்குவதுண்டு. பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1896இல் இரயில் ஒன்று நிலையத்திற்குள் நுழையும் காட்சியைத் திரையில் காட்டினர். பார்த்தவர்கள், இரயில் தங்கள்மேல் ஏறிவிடும் என்றஞ்சி இருக்கைகளை விட்டு எழுந்து ஓடினர் என்பது அக்கதை. செருமானிய ஆய்வாளர் மார்ட்டின் லோய்பர்டிங்கர் இதனைத் துருவி ஆராய்ந்தார். அவ்வாறு பெருங்கிலி ஏற்பட்டதற்கு அக்காலச் செய்தித்தாள்களிலோ காவல்துறைக் குறிப்புகளிலோ சான்று கிடைக்கவில்லை என்பது அவருடைய முடிவு.

ஓடியதாகச் சொல்லப்படும் கூட்டத்தைவிட, அக்கதையைச் சொல்வதில் மக்கள் கண்ட இன்பம்தான் ஆராயத்தக்கது. 1901இலேயே இங்கிலாந்தின் இராபர்ட் பால், திரையில் வரும் இரயிலைக் கண்டு மிரளும் நாட்டுப்புறத்தான் ஒருவனை வைத்துச் சிறு நகைச்சுவைப் படம் எடுத்துவிட்டார். அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் 1902இல் அதே கருத்தைத் தானும் படமாக்கியது. படத்தை உண்மையென்று நம்பும் பேதை எப்போதும் வேறொருவன். பார்த்துச் சிரிப்பவரோ விவரம் தெரிந்தவர். இந்த ஏற்பாடு நகரத்தாருக்கு மனநிறைவு அளித்தது.

ஆட்சியாளருக்கும் அது பயன்பட்டது. 1927இல் பிரிட்டிஷ் இந்திய அரசு சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. இரங்காச்சாரியார் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. மேலைநாட்டுப் படங்களைப் படிப்பறிவற்ற இந்தியர்கள் அப்படியே உண்மையென்று எடுத்துக்கொள்வர், அதனால் வெள்ளையர்மீதுள்ள மதிப்புக் குறையும் என்ற கவலை அவ்விசாரணையின் பின்னணியில் இருந்தது. பாமரனுக்குப் படத்திற்கும் நிகழ்வுக்கும் வேறுபாடு தெரியாது என்பது அன்றைய ஆளும் வர்க்கத்தின் உறுதியான எண்ணம்.

நம் வட்டாரத்துப் பார்வையாளர்

அவ்வெண்ணம் எத்துணை சரியானது? இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த நம் சங்கரன்கோவில் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூர் நெசவாளர் நிறைந்தது. ஆடித்தபசுத் திருவிழாவிற்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து பெருந்திரள் கூடுமிடம். இவ்வூர்க் கோயிலின் தலவரலாறே சங்கன், பதுமன் என்னும் இரு நாகராசர்களைப் பற்றியது. இத்தகைய ஊரில் அற்புதமும் அச்சமும் கலந்த கதைகள் மக்களுக்குப் புதியவை அல்ல.

ஒளியூட்டிய திரையும் அவர்களுக்குப் புதிதன்று. சினிமா தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, தென்மாவட்டக் கிராமங்களில் மண்டிகர் என்னும் மராத்தி பேசும் கலைஞர்கள் தோல்பாவைக்கூத்து நடத்தி வந்தனர். வெண்திரைக்குப் பின்னே விளக்கேற்றி, இராவணனையும் கும்பகர்ணனையும் மற்ற அரக்கர்களையும் அசைத்துப் பேசவைத்தனர். போர்க்காட்சியில் சிறுவர் நடுங்கினர்; அடுத்த நொடியே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றிச் சிரிக்கவைத்தனர். திருவிழாத் திடல்களில் பாம்புடலும் பெண்தலையும் கொண்ட ‘நாகக்கன்னி’யைக் காசு கொடுத்துப் பார்த்தவர்களும் இம்மக்களே. உள்ளே கண்ணாடி வேலை இருக்கிறது என்று பேசிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். உள்ளே போய் ஒருகணம் திடுக்கிட்டார்கள். வெளியே வந்து வாதிட்டார்கள்.

இப்பின்னணியில்தான் சினிமா இங்கு வந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி ஊரூராகச் சென்று கூடாரத்தில் காட்டினார். அவர் வழியில் பலர் புறப்பட்டனர். பிற்காலத்தில் டூரிங் டாக்கீஸ்கள் தென்மாவட்டச் சிற்றூர்கள்வரை சென்றன. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, பின்னால் இயந்திரத்தின் ஓசை என்று யாவும் கண்முன்னே நடந்தன. படம் காட்டுபவர் யார், எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் தங்குவார் என்பது ஊருக்கே தெரியும். கூடாரத்துப் பார்வையாளர் அலறினார், விசிலடித்தார், திரையை நோக்கிப் பேசினார். ஆனால் தாம் பார்ப்பது காட்சி என்பதை மறக்க அவருக்கு வழியே இல்லை.

தமிழில் பேய்ப்படங்கள் பெற்ற வடிவத்திலும் இப்பழக்கத்தின் தடத்தைக் காணலாம். ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) ஆகியன பேயையும் நகைச்சுவையையும் ஒரே கலத்தில் பரிமாறிப் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. கண்டெடுத்த படம் என்னும் வகையோ தமிழில் வேரூன்றவே இல்லை. கன்னடத்தில் ‘6-5=2’ (2013), இந்தியில் ‘இராகினி எம்எம்எஸ்’ (2011) போன்ற சில முயற்சிகள் தோன்றின. தமிழ்ப் பார்வையாளர் கூட்டமாக அமர்ந்து அஞ்சிச் சிரிக்கவே விரும்பினர் எனலாம்.

நிழலும் அதை அசைப்பவரும்

நிழற்கூத்து இஸ்லாமிய உலகிலும் நெடுங்காலம் விளங்கிய கலை. மூஸிலில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு தானியால் (இறப்பு கி.பி. 1310) எழுதிய மூன்று நிழற்கூத்து நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவர் கண் மருத்துவராகவும் இருந்தார் என்பது சுவையான செய்தி. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி, தம் அமைச்சர் அல்-காழி அல்-ஃபாழிலை நிழற்கூத்துக் காண அழைத்ததாக ஒரு வரலாறு வழங்குகிறது. அமைச்சர் தயக்கத்தோடு அமர்ந்து பார்த்தார். அரசுகள் வருவதும் போவதுமாக இருந்தன. திரையைச் சுருட்டியபோது அனைத்தையும் அசைத்தவர் ஒருவரே என்று கண்டேன், இதில் பெரும்படிப்பினை உள்ளது என்று அவர் கூறியதாகச் சொல்வர்.

திரையைச் சுருட்டும் அந்தக் கணமே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. எவ்வளவு அச்சமூட்டும் கூத்தாயினும், இறுதியில் திரை விலகுமானால் பார்வையாளர் ஏமாற்றப்படுவதில்லை.

இதற்கு இருபதாம் நூற்றாண்டிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1954 மார்ச் முதல் நாள் அமெரிக்கா பிகினித் தீவில் நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மீது படிந்தது, படகோட்டிகள் நோயுற்றனர். அவ்வாண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘கோஜிரா’ வெளியாயிற்று. குண்டுச் சோதனையால் கடலிலிருந்து எழும் பெருவிலங்கு டோக்கியோவை எரித்தழிப்பதே கதை. உறைக்குள் ஒரு நடிகர் நின்று பொம்மை நகரத்தை மிதிக்கிறார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆயினும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் நகரங்கள் எரிந்ததைக் கண்ட மக்கள் அப்படத்தைக் கண்டு கண்கலங்கினர். பூதம் பொய், அவர்கள் நினைவுகூர்ந்த தீயோ மெய். பொய்யைப் பொய்யென்று சொல்லியே மெய்யை உணர்த்தும் ஆற்றல் கலைக்கு உண்டென்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

சாட்சியின் ஆடையை அணிந்த கதை

கண்டெடுத்த படம் இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. அதன் முன்னோடியை வானொலியில் காணலாம். 1938 அக்டோபர் 30ஆம் நாள் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பைப் பற்றிய நாடகத்தைச் செய்தி அறிக்கைகளின் வடிவில் ஒலிபரப்பினார். நாடே பீதியில் ஓடியது என்று மறுநாள் நாளேடுகள் எழுதியது மிகை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் அஞ்சியவர் சிலர் இருந்தது உண்மை. அவர்கள் நம்பியது செவ்வாய்க் கிரகத்தாரை அன்று. செய்தி வாசிக்கும் குரலை.

இத்தாலியரான ருஜ்ஜேரோ தியோதாத்தோ 1980இல் எடுத்த ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’, அமேசான் காட்டில் மடிந்த படக்குழுவினரின் சுருள் என்ற பெயரில் கொடூரக் காட்சிகளைக் காட்டியது. மிலான் நகரில் அதிகாரிகள் அதனைப் பறிமுதல் செய்தனர். நடிகர்களை உண்மையிலேயே கொன்றுவிட்டார் என்ற ஐயம் எழ, அவர்கள் உயிரோடிருப்பதை இயக்குநர் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. இங்கே படத்தை உண்மையென்று கருதியவர்கள் கூடாரத்து மணலில் அமர்ந்திருந்த பாமரர் அல்லர். சட்டம் பயின்ற அதிகாரிகள்.

1999இல் வெளியான ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ இம்முறையை முழுமையாக்கியது. 1994இல் மேரிலாந்துக் காட்டில் மூன்று திரைப்பட மாணவர்கள் காணாமற்போயினர், ஓராண்டு கழித்து அவர்களுடைய சுருள் கிடைத்தது என்று படத்தின் தொடக்கமே கூறுகிறது. நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களிலேயே நடித்தனர். காணவில்லை என்ற துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன; பொய்யான காவல்துறைச் சான்றுகள் இணையத்தில் இடம்பெற்றன. மிகச் சிறு செலவில் எடுத்த அப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடியே 80 இலட்சம் டாலர் ஈட்டியது. நடிகை ஒருவரின் தாயாருக்கு இரங்கல் மடல்கள் வந்தன. கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட பர்க்கிட்ஸ்வில் என்னும் சிற்றூருக்குள் வெளியூரார் திரண்டுவந்து ஊர்ப் பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிச் சென்றனர். திரையில் பேயின் உருவம் ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அச்சத்தை விளைவித்தது பேயன்று. ‘இதை எடுத்தவர்கள் இறந்துவிட்டார்கள்’ என்ற ஒற்றை வாக்கியம்.

உடலும் இவ்வேமாற்றில் பங்கு கொண்டது. நியூயார்க்கைப் பெருவிலங்கொன்று தாக்குவதைக் கைக்கருவியில் பதிவானதுபோல் காட்டிய ‘குளோவர்ஃபீல்ட்’ (2008) ஓடிய அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில், ஆடும் காட்சிகளால் தலைசுற்றல் வரலாம் என்ற எச்சரிக்கை ஒட்டப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘கிதாபுல் மனாழிர்’ எழுதிய இப்னுல் ஹைஸம் இதற்கு விளக்கம் தருகிறார் எனலாம். கண் பெறுவது ஒளியையும் நிறத்தையுமே. தொலைவு, அளவு, அசைவு ஆகியவற்றை மனம் முன்னனுபவத்தைக் கொண்டு விரைந்து தீர்மானிக்கிறது. அத்தீர்மானம் நடப்பதையே நாம் உணர்வதில்லை என்பது அவர் கண்டறிந்தது. பார்வையின் பிழைகளுள் பல கண்ணின் குறையால் நேர்வன அல்ல. தீர்ப்பின் அவசரத்தால் நேர்வன. ஆடும் படமும் மங்கிய ஒளியும் உடைந்த ஒலியும் ‘இது உண்மைப் பதிவு’ என்ற அவசரத் தீர்ப்பை நம்மிடமிருந்து பறித்துக்கொள்கின்றன.

வெட்டப்பட்ட இறுதிக் காட்சி

இதுவரை கூறியவை காசு கொடுத்துப் பார்த்த படங்கள். இனிக் கூறுவது காசின்றி நம் கைக்கு வந்த படம்.

2016இல் கராச்சியில் தொண்டு நிறுவனம் ஒன்று, குழந்தைக் கடத்தல் பற்றிய விழிப்புணர்வுக்காகக் குறும்படம் ஒன்றை உருவாக்கியது. தெருவில் சிறுவர்கள் விளையாடுகின்றனர். இருசக்கர வண்டியில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றனர். பின்னர் அவர்களே திரும்பிவந்து சிறுவனை இறக்கிவிட்டு, குழந்தை ஒன்றைக் கடத்த ஒரு கணம் போதும் என்னும் பொருள்பட எழுதிய அட்டையைக் காட்டுகின்றனர். கண்காணிப்புக் கருவியில் பதிவானதுபோல் எடுக்கப்பட்ட அப்படத்தின் இறுதிக் காட்சியை எவரோ வெட்டி எறிந்தனர். எஞ்சிய பகுதி 2018இல் இந்தியக் கைப்பேசிகளில், நம் ஊர்ப் பக்கம் நடந்த உண்மைக் கடத்தல் என்ற குறிப்போடு பரவியது. மற்றொரு படத்தில் குழந்தைகளின் உடல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. உறுப்புத் திருடர்கள் கொன்ற குழந்தைகள் என்று அதற்கு விளக்கம் எழுதினர். அவர்கள் உண்மையில் 2013இல் சிரியாவின் கூத்தாவில் நச்சுப்புகைக்குப் பலியான பிஞ்சுகள். ஒரு மக்களின் மெய்யான துயரம் வேறொரு மண்ணில் பொய்யின் கருவியாயிற்று.

விளைவு என்ன? 2018 மே மாதம், கடத்தல் வதந்திகள் தமிழகத்தில் பரவியிருந்த வேளையில், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் குலதெய்வ வழிபாட்டுக்காகச் சென்ற குடும்பத்தினர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்ட ஊரார் அவர்களைச் சூழ்ந்து தாக்கினர். 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். ஜூலை முதல் நாள் மகாராட்டிரத்தின் துலே மாவட்டம் இரயின்பாடாவில் நாடோடி இனத்தவர் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். இந்தியாவின் வேறு பல பகுதிகளிலும் இவ்வாறே நடந்தது. அம்மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது.

கண்டெடுத்த படத்தின் எல்லா இலக்கணமும் இங்கே பொருந்திவருவதைக் காண்கிறோம். எடுத்தவர் பெயர் இல்லை. ஆடும் மங்கிய காட்சி. உண்மை என்று ஒற்றை வரி. வேறுபாடு ஒன்றே. திரையரங்கில் பூதம் திரையோடு நின்றது. இங்கே பார்வையாளர் எழுந்து வெளியே போய், வழியில் வந்த அயலாரிடம் பூதத்தைத் தேடினர். கூத்துத் திரையைச் சுருட்டி ‘அசைத்தவன் நானே’ என்று முன்வந்து நிற்க அங்கே எவரும் இல்லை.

இரயிலைக் கண்டு ஓடிய பேதையின் கதையை இன்னும் நம்புவோர், கல்வியே இதற்கு மருந்து என்பர். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. மிலான் அதிகாரிகளும் அமெரிக்க மாணவர்களும் படித்தவர்களே. வதந்திப் படத்தை நல்லெண்ணத்தோடு அனுப்பிவைத்தவர்களுள்ளும் படித்தவர் பலர். கூடாரத்துப் பார்வையாளரிடம் இருந்து, நம்மிடம் இல்லாமற்போனது வேறொன்று. படத்தைக் கொண்டுவந்தவரை அவர் அறிந்திருந்தார்.

இந்த அறிவைத்தான் ஹதீஸ் கலை வல்லுநர் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் வரிசையாக வளர்த்தெடுத்தனர். ஒரு செய்தி எத்துணை அழகியதாயினும், யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, இருவரும் சந்தித்திருக்க இயலுமா என்று கேட்ட பின்னரே அதனை ஏற்றனர். பெயரற்ற அறிவிப்பாளர் இடையே வந்தால் வரிசை வலுவிழந்தது. இப்னு கல்தூன் இதற்கு முன்னதாக மற்றொரு கேள்வியை வைத்தார்: இச்செய்தி நடக்கக்கூடியதுதானா? நடக்கவியலாத செய்திக்கு அறிவிப்பாளரை ஆராய்வது வீண் என்றார். மூச்சுக்காற்று இல்லாத பெட்டியில் அமர்ந்து பூதத்தை வரைந்தவரை அவர் அவ்வாறே மடக்கினார். நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கும்போது அதற்குக் கூறும் காரணம், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்பது. 2018இன் நிகழ்ச்சிகளுக்குப் பிறகு அக்காரணத்திற்கு விரிவுரை தேவையில்லை.

நடவாத நிகழ்ச்சியைக் கருவி கொண்டு நடந்ததுபோலவே படமாக்கிவிடும் காலம் இப்போது வந்துவிட்டது. கண்ணால் பார்த்து உண்மையையும் பொய்யையும் பிரிக்கலாம் என்ற நம்பிக்கை இனிச் செல்லாது. ஆனால் இஸ்னாதின் கேள்விகளோ கண்ணை நம்பி எழுந்தவை அல்ல. இதை எடுத்தவர் யார், எங்கே, எப்போது, இதற்கு முன்னும் பின்னும் இருந்த காட்சி எங்கே என்று கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை. விடை கிடைக்காத படத்தை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துபவர், அறிவிப்பாளர் வரிசையில் தம் பெயரைச் சேர்க்க மறுக்கிறார். ஓர் அயலாரின் உயிர் அந்த மறுப்பில் அடங்கியிருக்கக்கூடும்.